93 சதவீதம் நிறைந்த வீட்டு சர்வரில் வேகம் எங்கே போனது?

என்னிடம் இருப்பது பழைய டெஸ்க்டாப் பெட்டியில் ட்ரூநாஸ் என்ற சர்வர் இயங்குதளம் போட்டு ஓட்டும் ஒரு வீட்டு சர்வர். 4 டிபி ஹார்ட் டிஸ்க் நான்கு, 16 ஜிபி ராம், ரவுட்டருக்குப் போகும் ஒரு கிகாபிட் கேபிள், அவ்வளவுதான். நான்கு டிஸ்க்கும் சேர்ந்து இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்பின் ரெய்டு-இசட்1 முறையில் ஒரே பூல், அதாவது ஒரே பெரிய சேமிப்பிடம். ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா தப்பிக்கும். குடும்பப் புகைப்படங்கள், கல்யாண வீடியோக்கள், இரண்டு லேப்டாப்களின் பேக்கப், கொஞ்சம் சினிமா. பல வருடம் ஒரு தொந்தரவும் தராத பெட்டி, பூல் 93 சதவீதம் நிறைந்தபோது ஒரேயடியாகத் திணற ஆரம்பித்தது.

கேமரா கார்டிலிருந்து காப்பி போட்டால் முதல் ஒன்றரை ஜிபி வரை விநாடிக்கு 110 எம்பி வேகத்தில் போகும். அப்புறம் 10, 8 என்று விழும். சில நேரம் அப்படியே நின்றுவிட்டு மறுபடி கிளம்பும். புகைப்பட ஃபோல்டரைத் திறந்தால் படங்கள் ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து வரும். இரவில் லேப்டாப் பேக்கப் ஓடும்போது டிவியில் படம் நின்று நின்று ஓடும். வீட்டில் புகார் வந்தது இந்தக் கடைசி விஷயத்துக்கு மட்டும்தான். மற்றதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

இப்படி ஒரு பிரச்சினை என்று சொன்னதும் கிடைக்கும் முதல் அறிவுரை ‘எஸ்எஸ்டி கேஷ் போடுங்க’. அடுத்தது ‘ராமை ஏத்துங்க’. இரண்டுக்கும் காசு வேண்டும், இரண்டும் தவறான இடத்தில் போய் விழ வாய்ப்பு உண்டு. என்ன நடக்கிறது என்று அளந்து பார்க்க ஒரு ஓய்வான மாலைப்பொழுது போதும், செலவும் இல்லை. அதைச் செய்யாமல் கடைக்குப் போகக் கூடாது என்பது என் கட்சி.

முதலில் நெட்வொர்க்கை ஒதுக்கிவிட வேண்டும். ஐபெர்ஃப்3 என்ற சின்னக் கருவி டிஸ்க்கைத் தொடாமல் லேப்டாப்புக்கும் சர்வருக்கும் நடுவில் உள்ள வேகத்தை மட்டும் அளக்கும். கிகாபிட் கேபிளில் 940 மெகாபிட் அளவில் வந்தால் வழி சுத்தம். 94 அளவில் வந்தால் எங்கோ ஒரு கேபிளோ ஸ்விட்ச்சோ 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். காப்பி விநாடிக்கு 11, 12 எம்பியிலேயே நிற்கும். டிஸ்க் நிறைந்ததால்தான் மெதுவாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள், கடைசியில் எட்டில் ஒரு கம்பி அறுந்த கேபிளாக இருக்கும். எனக்கு 940 வந்தது. ஆக, சிக்கல் பெட்டிக்குள்தான்.

அந்த முதல் ஒன்றரை ஜிபி மட்டும் ஏன் வேகமாகப் போனது? இசட்எஃப்எஸ் வரும் டேட்டாவை உடனே டிஸ்க்கில் எழுதுவதில்லை. ராமில் சேர்த்து வைத்து, வழக்கமாக 5 விநாடிக்குள் ஒரு கட்டாக எழுதும். எழுதாமல் ராமில் தேங்கி நிற்கக்கூடிய அளவு இயல்பான அமைப்பில் மொத்த ராமில் 10 சதவீதம். 16 ஜிபிக்கு அது 1.6 ஜிபி. அது நிரம்பும் வரை நெட்வொர்க் வேகத்தில் வாங்கிக்கொள்ளும். நிரம்பியதும் டிஸ்க் எவ்வளவு வேகமாக எழுதுகிறதோ அவ்வளவுதான் வாங்கும். அதாவது நான் பார்த்த 8, 10 எம்பிதான் டிஸ்க்குகளின் உண்மையான நிலை. ராமை 32 ஆக்கியிருந்தால் முதல் மூன்று ஜிபி வேகமாகப் போயிருக்கும், அப்புறம் அதே கதை.

டிஸ்க் நிறைந்தால் ஏன் மெதுவாக வேண்டும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இது தெரிந்தால்தான் எதைச் செய்வது, எதை விடுவது என்பது பிடிபடும்.

இசட்எஃப்எஸ் எந்தத் தகவலையும் இருந்த இடத்திலேயே மாற்றி எழுதாது. ஒரு ஃபைலில் ஒரு துண்டு மாறினாலும் அதைக் காலியான வேறு இடத்தில் புதிதாக எழுதி, பிறகு குறிப்பை அங்கே திருப்பும். மின்சாரம் பாதியில் போனாலும் பழையது பத்திரமாக இருக்கும் என்பது இதன் பெரிய லாபம். நம் ஊர் மின்வெட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் இதற்கு விலை, எப்போதும் கையிருப்பில் காலி இடம் இருந்தாக வேண்டும். வெறும் காலி இடம் போதாது, சேர்ந்தாற்போல் இருக்கும் காலி இடம் வேண்டும். தீபாவளி நேரத்து ரயிலில் ஆறு பேருக்கு டிக்கெட் கிடைக்கிறது, ஆனால் ஆளுக்கு ஒரு பெட்டியில். இடம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆறு பேரும் உட்கார்ந்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் கேள்வி.

ஹார்ட் டிஸ்க்கில் இந்த அலைச்சல் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரியது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க்கில் தேவையான இடம், படித்து எழுதும் முனைக்கு அடியில் வந்து சேரவே சராசரியாக 5.5 மில்லி விநாடி ஆகும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக 15 மில்லி விநாடி பக்கம். விநாடிக்கு அறுபது, எழுபது தடவைதான் தாவ முடியும். ஒவ்வொரு தாவலிலும் 1 எம்பி எழுதினால் கவலையில்லை. 16 கேபி, 32 கேபி என்று சில்லறையாக எழுத வேண்டி வந்தால் விநாடிக்கு ஓரிரு எம்பிதான் தேறும்.

இதற்கு மேல், காலி இடத்தைத் தேடும் முறையே மாறிவிடுகிறது. இசட்எஃப்எஸ் டிஸ்க் தொகுப்பைப் பெரிய பெரிய பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு பகுதியில் காலி இடம் 4 சதவீதத்துக்குக் கீழே போனால், முதலில் கிடைத்த இடத்தில் எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு, துண்டுக்குச் சரியாகப் பொருந்தும் இடத்தைத் தேடத் தொடங்கும். வேலையும் கூடும், எழுத்தும் சிதறும். எங்குமே பொருத்தமான இடம் இல்லையென்றால் ஒரே துண்டைப் பல சிறு துண்டுகளாக வெட்டி எழுதும். 80 சதவீதத்தைத் தாண்டாதே என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். 80-ல் ஒன்றும் திடீரென்று இடிந்து விழாது. பெரிய வீடியோக்களை எழுதிவிட்டு அப்படியே வைத்திருப்பவர்களுக்கு 90 வரைகூட ஒன்றும் தெரியாமல் ஓடும். தினமும் எழுதி அழிக்கிற வேலை இருந்தால் முன்கூட்டியே கடிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. ஹார்ட் டிஸ்க்கின் வெளி விளிம்பில் ஒரு சுற்றுக்கு அதிக டேட்டா இருக்கும், உள் விளிம்பில் குறைவு. வெளியே விநாடிக்கு 180 எம்பி தரும் டிஸ்க், உள்ளே வந்தால் அதில் பாதிதான் தரும். இசட்எஃப்எஸ் வேகமான வெளிப் பகுதிகளை முதலில் நிரப்பப் பார்க்கும். ஆக, கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் மெதுவான உள் பகுதி.

சரி, என் பெட்டிக்கு வருகிறேன். ‘இசட்பூல் லிஸ்ட்’ கட்டளை நிறைவு 93, சிதறல் 58 என்று காட்டியது. அந்தச் சிதறல் எண்ணைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது ஃபைல்கள் சிதறியிருப்பதன் அளவு அல்ல, காலி இடம் சிதறியிருப்பதன் அளவு. அதே கட்டளை மொத்த அளவை 14.5 டிபி என்று காட்டும். பாரிட்டிக்கு, அதாவது ஒரு டிஸ்க் செத்தால் டேட்டாவை மீட்க எழுதி வைக்கும் கூடுதல் தகவலுக்குப் போகும் இடமும் அதில் சேர்ந்தது. நமக்கு உண்மையில் கிடைப்பது எவ்வளவு என்பதை ‘இசட்எஃப்எஸ் லிஸ்ட்’ கட்டளையில்தான் பார்க்க வேண்டும். எனக்கு அது பத்தரை டிபிக்குக் கொஞ்சம் குறைவு.

அடுத்து ‘இசட்பூல் ஐஓஸ்டாட்’ கட்டளையை, டிஸ்க் வாரியாகத் தாமதத்தையும் காட்டும்படி ஓடவிட்டு, பெரிய காப்பி ஒன்றைப் போட்டேன். விஷயம் சுவாரசியமானது அங்கேதான். மூன்று டிஸ்க்குகள் ஒரு வேலையை 20, 30 மில்லி விநாடியில் முடித்தன. நான்காவது ஒரு விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. ரெய்டு-இசட்டில் எல்லா டிஸ்க்கும் எழுதி முடித்தால்தான் ஒரு கட்டு முடியும். ஒன்று நொண்டினால் நான்கும் நொண்டும்.

டிஸ்க் சாகப்போகிறதோ என்றுதான் முதலில் தோன்றியது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் பார்க்க வேண்டியவை, பழுதான இடங்களைச் சொல்லும் 5, 197, 198 ஆகிய மூன்று எண்கள், கூடவே கேபிள் கோளாறுக்கு 199. நான்குமே பூஜ்யம். டிஸ்க் ஆரோக்கியமாகத்தான் இருந்தது. மாடல் எண்ணை வைத்துத் தேடியபோதுதான் அது எஸ்எம்ஆர் வகை என்று தெரிந்தது. முன்பு ஒரு டிஸ்க் பழுதானபோது மாற்றி வாங்கியது அது. டப்பாவில் அப்படி ஒரு வார்த்தை அச்சிடப்படவில்லை, கடையிலும் யாரும் சொல்லவில்லை.

எஸ்எம்ஆர் டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் தடங்கள் ஒன்றன் விளிம்பில் இன்னொன்று ஏறி நிற்கும். அதனால் அதே தகட்டில் அதிக டேட்டா பிடிக்கும், விலையும் குறையும். ஆனால் நடுவில் ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் எடுத்து மறுபடி எழுத வேண்டும். இதை மறைக்க டிஸ்க்குக்குள் சாதாரண முறையில் எழுதப்படும் ஒரு சிறிய பகுதி இருக்கும். வருவதை எல்லாம் அங்கே போட்டுவிட்டு, சும்மா இருக்கும் நேரத்தில் உள்ளே நகர்த்திக்கொள்ளும். சும்மா இருக்க நேரமே கொடுக்காமல் எழுதிக்கொண்டே இருந்தால் அந்தப் பகுதி நிரம்பி, வேகம் பாதாளத்துக்குப் போகும். புகைப்படங்களைக் கொட்டி வைத்து அலமாரியில் பூட்டுகிற வெளி டிஸ்க்காக இது பரவாயில்லை. இசட்எஃப்எஸ் பூலில் இதற்கு இடமே கிடையாது. பூல் காலியாக இருந்த காலத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை. சிதறிய சிறு எழுத்துகள் பெருகியதும் வெளியே வந்துவிட்டது.

டிஸ்க்கை மாற்றுவதற்கு முன்னால் இடத்தைக் காலி செய்வது என்று முடிவெடுத்தேன். மாற்றும்போது, பூலில் இருக்கும் டேட்டா அளவுக்குத்தான் புது டிஸ்க்கில் மறுபடி எழுதப்படும். டேட்டா குறைந்தால், இன்னொரு டிஸ்க் செத்தால் எல்லாம் போய்விடும் என்ற ஆபத்தான அந்த இடைவெளியும் குறையும்.

ஃபைல்களை அழித்தும் இடம் கூடவில்லை என்பது இசட்எஃப்எஸ்ஸில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர். காரணம் ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைக்கும் வசதி. அழித்த ஃபைலை ஒரு பழைய ஸ்னாப்ஷாட் பிடித்துக்கொண்டிருக்கும் வரை அந்த இடம் திரும்பி வராது. ‘இசட்எஃப்எஸ் லிஸ்ட்’ கட்டளையில் இடம் பற்றிய விவரம் கேட்டால், ஸ்னாப்ஷாட்டுகள் மட்டும் எவ்வளவு பிடித்து வைத்திருக்கின்றன என்று தனிப் பத்தியாக வரும். எனக்கு அது ஒரு டிபிக்கு மேல்.

ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் எதிரே இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. அந்த ஒன்றை மட்டும் அழித்தால் என்ன கிடைக்குமோ அதுதான் அந்த எண். ஒரே ஃபைலை இரண்டு ஸ்னாப்ஷாட்டுகள் பிடித்திருந்தால் இரண்டுக்கு எதிரிலும் அது கணக்கில் வராது. 3 எம்பி, 12 எம்பி என்று அற்பமாகத் தெரியும் முப்பது ஸ்னாப்ஷாட்டுகளைச் சேர்த்து அழித்தால் 600 ஜிபி கிடைக்கும். அழிக்கும் கட்டளையை ஒத்திகை முறையில் ஓட்டலாம்: இதிலிருந்து இதுவரை அழித்தால் எவ்வளவு திரும்பும் என்று மட்டும் சொல்லும், எதையும் தொடாது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அழித்த பிறகும் இடம் உடனே திரும்பாது. பின்னணியில் மெல்ல மெல்ல விடுவிக்கும். நிறைந்த பூலில் அதற்கே பல மணி நேரம் ஆகலாம், அதுவரை சர்வர் இன்னும் மோசமாகத் திணறும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது நல்லது.

அடுத்தது லேப்டாப் பேக்கப். ஆப்பிள் கணினியின் டைம் மெஷின், கொடுத்த இடத்தை முழுக்க நிரப்பிய பிறகே பழையதை அழிக்கும். கோட்டா, அதாவது இட வரம்பு வைக்காவிட்டால் அதன் பார்வையில் மொத்தப் பூலும் அதனுடையது. லேப்டாப்பின் டிஸ்க் அளவைப் போல இரண்டு மடங்கு கோட்டா வைத்தேன், பழையவை வெளியேறின. அப்புறம் ஷேர் ஃபோல்டரின் குப்பைத்தொட்டி. நெட்வொர்க் வழியாக அழித்தவை ஒரு மறைந்த ஃபோல்டரில் போய்ச் சேரும்படி பல சர்வர்களில் அமைப்பு இருக்கும். தானாகக் காலியாகும்படி வைக்காவிட்டால் வருடக்கணக்கில் சேரும்.

மிச்சம், கல்யாண வீடியோக்கள். வீடியோகிராபர் டிஸ்க்கில் கொடுத்த மூலப் பதிவு, எடிட் செய்த பதிப்பு, சொந்தக்காரர்களுக்கு பென்டிரைவில் போட்டுக் கொடுப்பதற்காக எடுத்த பிரதி, அந்தப் பென்டிரைவை யாரோ திரும்பக் கொண்டுவந்து மொத்தமாகக் கொட்டிய பிரதி. ஒரே ஃபைலின் பிரதிகளைக் கண்டுபிடிக்க ஜேடியூப்ஸ் என்ற கருவி நன்றாக வேலை செய்கிறது. தானாக அழிக்க விடாமல் பட்டியலை மட்டும் எடுத்து, கண்ணால் பார்த்து அழித்தேன். ஒரே டேட்டாவை ஒரு தடவை மட்டும் சேமிக்கும் டீடியூப் வசதியைப் பூலிலேயே போட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வீட்டு சர்வரில் அது ராமைத் தின்னும், எழுதுவதை மேலும் மெதுவாக்கும். நான்கைந்து பெரிய பிரதிகளுக்காக அதை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். அழிப்பதற்கு முன் முக்கியமானவற்றுக்கு வெளியே ஒரு பிரதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரெய்டு டிஸ்க் பழுதிலிருந்துதான் காப்பாற்றும், நம் கையிலிருந்து அல்ல.

எல்லாம் முடிந்தபோது பூல் 71 சதவீதத்துக்கு வந்திருந்தது. எஸ்எம்ஆர் டிஸ்க்கை எடுத்துவிட்டு, மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் சரிபார்த்து, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் டிஸ்க் ஒன்றைப் போட்டேன். நடுவே மின்சாரம் போனால் என்ன செய்வது என்று பயப்பட வேண்டியதில்லை, இசட்எஃப்எஸ் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனாலும் அந்த வேலை முடியும் வரை யூபிஎஸ் இருப்பது மனதுக்கு நிம்மதி.

அதன் பிறகு புதிய காப்பிகள் கடைசி வரை 100 எம்பிக்கு மேலேயே போயின. ஆனால் பழைய ஃபைல்கள் வேகமாகிவிடவில்லை. நெருக்கடியில் சிதறி எழுதப்பட்டவை சிதறியபடியேதான் கிடந்தன. சிதறியதை ஒன்று சேர்க்கும் விண்டோஸ் பாணி டீஃப்ராக் இசட்எஃப்எஸ்ஸில் கிடையாது. மறுபடி எழுதுவதுதான் வழி. போதிய காலி இடம் இருந்ததால் புகைப்படங்கள் இருந்த டேட்டாசெட்டை (பூலுக்குள் தனியாகப் பிரித்த பகுதி) மட்டும் ‘சென்ட்’, ‘ரிசீவ்’ கட்டளைகளால் பக்கத்தில் புதிதாக எழுதி, சரிபார்த்து, பழையதை நீக்கினேன். வீடியோக்களைத் தொடவில்லை, அவை ஏற்கெனவே போதுமான வேகத்தில் ஓடின. இடமே இல்லாத பூலில் இதைச் செய்ய முயன்றால் நிலைமை இன்னும் கெடும், ஸ்னாப்ஷாட்டுகள் வேறு பழைய பிரதியைப் பிடித்துக்கொள்ளும்.

ஃபோல்டர் திறக்கும் தாமதத்துக்கு வேறு மருந்து. படிக்கும் ஒவ்வொரு தடவையும் ஃபைலின் ‘கடைசியாகப் பார்த்த நேரம்’ எழுதப்படுவதை நிறுத்தினேன். புகைப்பட செயலியின் டேட்டாபேஸையும் சிறுபடங்களையும் ஒரு சின்ன எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். மொத்த வேலையில் காசுக்கு அதிகப் பலன் தந்தது இதுதான். டாரன்ட் டவுன்லோடுகளும் முடியும் வரை அதே எஸ்எஸ்டியில் இருந்துவிட்டு, முடிந்ததும் பூலுக்கு நகரும். அவை 16 கேபி துண்டுகளாக, வரிசை இல்லாமல் வந்து விழுபவை. நேராகப் பூலில் எழுதினால் ஃபைல் பிறக்கும்போதே சிதறிப் பிறக்கும். வீடியோ டேட்டாசெட்டுக்கு ரெக்கார்டு அளவை, அதாவது ஃபைலை வெட்டி எழுதும் துண்டின் அளவை 128 கேபியிலிருந்து 1 எம்பி ஆக்கினேன், இதுவும் புதிதாக எழுதுபவற்றுக்கு மட்டும்தான்.

எஸ்எஸ்டி கேஷ் கடைசி வரை வாங்கவில்லை. எல்2ஆர்க் என்ற கேஷ் வகை படிப்பதற்கு மட்டும் உதவும், எழுதும் வேகத்தைத் தொடாது. எஸ்லாக் என்பது, எழுதிவிட்டேன் என்று உடனே உறுதி கேட்கும் வேலைகளுக்கு மட்டும். சாதாரண காப்பிக்கு ஒரு பைசா பலன் இல்லை. ஃபைல் குறிப்புகளை எஸ்எஸ்டியில் வைக்கும் சிறப்புத் தொகுதி நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது போனால் மொத்தப் பூலும் போகும். ஜோடியாகப் போடாமல் அந்தப் பக்கமே போகக் கூடாது.

இசட்எஃப்எஸ்ஸுக்குப் பதில் பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும். அங்கே இடம் 1 ஜிபி கட்டிகளாக ஒதுக்கப்படும். பாதி காலியான கட்டிகள் நிறைய இருந்தால், காலி இடம் காட்டிக்கொண்டே ‘இடம் இல்லை’ என்று மறுக்கும். கட்டிகளை மறுபடி அடுக்கும் பேலன்ஸ் கட்டளையை 10 சதவீதத்துக்குக் கீழே பயன்படும் கட்டிகளுக்கு மட்டும் என்று தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். டீஃப்ராக் இருக்கிறதே என்று ஓட்டினால் ஸ்னாப்ஷாட்டுகளோடு பகிர்ந்திருந்த இடம் பிரிந்து, இருக்கிற கொஞ்ச இடமும் போகும். லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 ஃபைல் அமைப்பு என்றால் 5 சதவீதம் நிர்வாகிக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். 10 டிபிக்கு அது 500 ஜிபி. வெறும் டேட்டா டிஸ்க்கில் அதை 1 சதவீதமாக்கலாம். ஆனால் அது மூச்சுவிடக் கிடைத்த இடம், புதிய சினிமாக்களுக்குக் கிடைத்த இடம் அல்ல.

இப்போது பூலில் வெற்று டேட்டாசெட் ஒன்றை உருவாக்கி அதற்கு 1 டிபி முன்பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதில் எதுவும் எழுதப்போவதில்லை. மற்றவற்றுக்கு இடம் தீர்ந்துபோனது போலக் காட்டும், உண்மையில் பின்னால் ஒரு டிபி இருக்கும். பூல் முழுக்க நிறைந்தால் ஃபைலை அழிப்பதற்கேகூட குறிப்பு எழுத இடம் வேண்டும் என்பதால், அந்த நிலைக்குப் போகாமல் இருக்க இது ஒரு கடிவாளம். 80-ஐத் தொட்டால் மெயில் வரும்படியும் வைத்தாயிற்று.

மறுபடி நிறையும், அதில் சந்தேகமில்லை. அப்போது என்ன செய்வது என்பதில் இன்னும் இரண்டு மனதாகத்தான் இருக்கிறேன். 2025 ஜனவரியில் வந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3-ல் ரெய்டு-இசட் தொகுதியில் ஐந்தாவது டிஸ்க்கைச் சேர்க்கலாம், பழைய டேட்டா மட்டும் பழைய பாரிட்டி விகிதத்திலேயே இருக்கும். என் மதர்போர்டில் சாட்டா போர்ட் மிச்சம் இல்லை, அதற்குத் தனி கார்டு வாங்க வேண்டும். நான்கையும் ஒவ்வொன்றாக 8 டிபிக்கு மாற்றுவது இன்னொரு வழி. நான்காவதும் மாறிய பிறகுதான் கூடுதல் இடம் கண்ணில் தெரியும், அதற்குள் பூலில் இருக்கும் டேட்டா நான்கு முறை முழுக்கப் படிக்கப்பட்டிருக்கும். டிஸ்க் விலையைப் பார்த்தால் இப்போதைக்குக் கல்யாண வீடியோக்களின் மூலப் பதிவை வெளி டிஸ்க்குக்கு அனுப்பலாமா என்றுதான் வீட்டில் பேச்சு ஓடுகிறது. எடுத்தவுடனே காப்பி போட ஏதுவாக அந்தப் பழைய எஸ்எம்ஆர் டிஸ்க்கே கையில் இருக்கிறது, இதுபோன்ற வேலைக்கு அது தாராளமாகப் போதும்.